எடைச்சீட்டின் பின்பக்கம்

பீடோருக்கு வெளியே, செம்பனை ஆலையின் எடைமேடையில்
பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.
லோரி ஏறும். எண் ஓடும். நிற்கும்.
குலையைக் கொட்டிவிட்டு வெறுமையாய்த் திரும்பி வரும்.
மறுபடி எண்.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால்
அது சுமந்து வந்தது.
எந்த லோரியிடமும் நான்
என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டதில்லை.

கதை எழுதுவதும் இங்கேதான்,
பிழையாக அச்சான சீட்டுகளின் பின்பக்கத்தில்.

இந்த முறை தண்ணிமலை என்று ஒருவர்.
ஐம்பத்தெட்டு வயது. லோரிக்காரர்.
முதல் தாளில் அவரை நிறையப் பேசவிட்டேன்.
ஒட்டுக்கடையில் கோப்பியை ஆற்றிக்கொண்டே
"நெஞ்சு பாரமா இருக்கு முனியாண்டி" என்றார்.
படித்துப் பார்த்தேன்.
யார் நெஞ்சும் பாரமாகவில்லை.
முனியாண்டி வேறு எதற்கென்றே தெரியாமல்
தலையாட்டிக்கொண்டு நின்றான்.
அடித்துவிட்டேன்.

இரண்டாம் தாளில் மழையை வரவழைத்தேன்,
அவருக்குப் பதிலாக வானம் அழட்டும் என்று.
பீடோரில் நாலு மணி ஆனால் மழை வரும்,
யாருக்காகவும் இல்லை.
அதையும் அடித்தேன்.

"அவர் நினைத்துக்கொண்டார்" என்று
மூன்றாம் தாளைத் தொடங்கினேன்.
தூங்குகிறவர் முகத்தில் டார்ச் லைட் அடித்ததுபோல் இருந்தது.

பிறகு நாலு நாள் எழுதவில்லை.
வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மேடை ஏறும்போது பாட்டைக் குறைக்கிறவன்.
சீட்டைப் பார்க்காமலேயே எட்டாக மடிக்கிறவன்.
பங்களாதேஷ் பையன் ஷஹாதத்
சீட்டை வாங்கி ஒரு தடவை முகர்வான்.
ஏனென்று எனக்குத் தெரியாது.
தெரியாததை அப்படியே விட்டு வைக்கலாம் என்று
அவனிடம்தான் கற்றேன்.

தண்ணிமலையைச் சும்மா போகவிட்டேன்.

சம்பள நாள் சாயங்காலம்,
பெத்தாய் கொத்துகள் தொங்கும் கடையோரம்
லோரியை நிறுத்துகிறார்.
ஆ லெங்கின் கைப்பேசிக் கடைக்குள் போகிறார்.
ஐந்து வெள்ளித் தாளை வைக்கிறார்.
எண் ஆ லெங்குக்கு மனப்பாடம். தட்டுகிறான்.
தண்ணிமலையின் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி
சத்தம் போடவில்லை.
பணம் போனது வேறு எண்ணுக்கு.
ஏழு மாதமாக யாரும் எடுக்காத எண்.
போடாமல் விட்டால்
கம்பெனி அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்.
ஆ லெங் கல்லாவுக்குள் எதையோ தேடுகிறவன்போலக்
குனிந்துகொள்கிறான்,
அவர் படியிறங்கும் வரை.

அவ்வளவுதான்.
மகன் என்ற சொல்லை எங்கும் வைக்கவில்லை.
லோரியில் பக்கத்து இருக்கையை மட்டும்
பின்னுக்குத் தள்ளி வைத்தேன்,
நீளக் கால் உள்ள ஒருவன்
உட்கார்ந்து எழுந்த அளவுக்கு.

ஞாயிறு இதழிலிருந்து கூப்பிட்டார்கள்.
நல்லா இருக்கும்மா,
கடைசியில மட்டும் அவரு ஒரு வார்த்தை பேசட்டுமே,
வாசகருக்குப் புரியணும் இல்லையா.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வைத்துவிட்டு மணி பார்த்தேன். ஐந்தே முக்கால்.
கடைசி லோரிக்குச் சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டு
மோட்டாரை எடுத்தேன்.
பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பிகள்
இரண்டும் விரிந்தபடியே இருக்கின்றன.
மழைக்கோட்டு மாட்டும்போது கெண்டைக்காலில் இடிக்கும்.
மடக்குவதில்லை.

சீருடைப் பைக்குள் ஒரு தாள்,
காலையிலேயே தனியாக மடித்து வைத்தது.

கடைக்காரன் பெயரை மட்டும்
கதையில் மாற்றியிருந்தேன்.
இரும்புக் கதவைப் பாதி இறக்கியிருந்தான்.
என் மோட்டார் சத்தம் கேட்டு
மறுபடி தூக்கிவிட்டான்.
உள்ளே போனேன்.
கல்லாவுக்குள் எதையோ தேடக் குனிந்தான்.